கீழ ஓட்டை

நல்லேப்பிள்ளி,
12 நவம்பர் 2024

அன்புள்ள ராமு அம்மிணிக்கு,

பூபதி அண்ணன் எழுதுவது. நீயும் உன் அப்பா அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். காகிதத்தில் எழுதிப் பல வருஷம் ஆகிறது, கையெழுத்து கோழி கிளறியது போல் இருந்தால் பொறுத்துக்கொள். உன் போன் என்னை உள்ளே விடுவதில்லை. மெயிலுக்குப் பதில் இல்லை. புனேயில் நம்மோடு ஆராய்ச்சி அறையில் இருந்தானே லோகேஷ், போன மாதம் அவன் நம்பரிலிருந்து கூப்பிட்டேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். அவன்தான் நீ வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து விலாசத்தைக் கொடுத்தான்.

இங்கே இரண்டாம் போகத்துக்கு நாற்று நட்டாகிவிட்டது. என் அப்பாவுக்கு முன்போல் முடியவில்லை, அதனால் சனி ஞாயிறு வயல், மற்ற நாள் பாலக்காட்டில் காலேஜ் என்று என் பாடு ஓடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஆப்பத்தைப் பற்றித்தான். அந்தக் குட்டி கேலக்ஸியின் ஹைட்ரஜன் வாயுப் படத்தை முதல்முதலில் பார்த்துவிட்டு, அங்கங்கே ஓட்டை விழுந்த ஆப்பம் மாதிரி இருக்கிறது என்று நீ வைத்த பெயர். அதற்கென்று ஒரு எண் உண்டு, ஆனால் எனக்கு இன்றும் ஆப்பம்தான். அதன் தெற்கு ஓட்டையைப் பற்றி நான் நாலு வருஷம் முன்னால் கட்டுரை எழுதினேன். ஓட்டையின் நடுவில் பெரிய நட்சத்திரங்கள் வெடித்து, சுற்றியிருந்த வாயுவை வெளியே தள்ளி, அது ஒரு கூடாகத் திரண்டு இன்னும் விரிந்துகொண்டே போகிறது என்று காட்டியிருந்தேன். இப்போது வெளிநாட்டுக் குழு ஒன்று இன்னும் பெரிய தொலைநோக்கியில் அதே இடத்தைப் பார்த்திருக்கிறது. அங்கே எதுவும் விரியவில்லை, வாயு சும்மா கிடக்கிறது என்கிறார்கள். கட்டுரையை வெளியிட்ட பத்திரிகை என்னிடம் விளக்கம் கேட்கிறது. மார்ச்சில் பெரிய ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் எனக்கு நேர்காணல். அந்தக் கட்டுரையைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், என் நிலைமை உனக்குப் புரியும்.

அந்த நாட்களில் நீயும் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எந்தக் கோணத்தில் வெட்டிப் பார்த்தாய், எந்த அளவுகளை வைத்தாய் என்று ஒரு பக்கம் எழுதினால் போதும். என்னிடம் ஆராய்ச்சி செய்யும் யோகப்பிரியா என்ற பெண் இரண்டு வருஷமாக அந்த ஓட்டையின் வயதைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்காகவாவது எழுது. கட்டுரையில் உனக்கு நன்றி சொல்லியிருந்தேன், பார்த்திருப்பாய்.

அன்புடன் அண்ணன்,
பூபதிராஜா


சின்னக்கானல்,
25 நவம்பர் 2024

திரு. பூபதிராஜா அவர்களுக்கு,

அம்மிணி என்று எழுதவேண்டாம். அண்ணே என்று நானும் இனி எழுதப்போவதில்லை. புனேயில் மூன்று வருஷம் வாய் நிறைய அப்படிக் கூப்பிட்டதை நினைத்தால் இன்று நாக்கைக் கழுவவேண்டும் போல் இருக்கிறது.

உங்கள் நன்றியைப் பார்த்தேன். "பயனுள்ள உரையாடல்களுக்காக ரா. முத்தாய் அவர்களுக்கு நன்றி." யார் அது? என் பெயர் ராமுத்தாய். அப்பா பெயர் ஈஸ்வரன், அதனால் என் இனிஷியல் ஈ. பக்கத்து நாற்காலியில் மூன்று வருஷம் உட்கார்ந்து என் டப்பாவில் கை விட்டுச் சாப்பிட்டவருக்கு, என் பெயரின் முதல் எழுத்து என் தகப்பன் என்று தோன்றியிருக்கிறது. நன்றியையாவது உருப்படியாகச் சொல்லியிருக்கலாம்.

மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். 2020 ஜனவரியில் அப்பாவை ஆனை தூக்கிப் போட்டது. உயிர் பிழைத்தார், இடுப்பு பிழைக்கவில்லை. நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடு தேயிலை எஸ்டேட்டுக்குச் சொந்தம். வீட்டில் ஒருவராவது பேர் பதிந்து வேலைக்குப் போனால்தான் குடியிருக்கலாம். அம்மாவுக்கு வயதாகி அப்போதுதான் எஸ்டேட் வேலை முடிந்திருந்தது. ஆகவே, எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைக்கும்வரை நான் பேர் பதிந்து கொழுந்து பறித்தேன். கிளம்பும்போது என் வேலையை எல்லாம் உங்களிடம் ஒப்படைத்துவிட்டுக் கண் கலங்கினேன். "நீ போய்ட்டு வா அம்மிணி, ஆப்பம் எங்கியும் ஓடிப் போயிராது" என்றீர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, எந்த ஓட்டை விரிகிறது என்று உங்களுக்குப் பேசி அனுப்பினேன். பிறகு ஊரடங்கு வந்தது, உலகமே அடைந்து கிடந்தது. நான் மலையை விட்டு இறங்குவதற்குள் கட்டுரை வந்துவிட்டது, உங்கள் ஒருவர் பெயரில்.

சண்டை போட்டேன். நீங்கள் அனுப்பிய பழைய பதில்களை எல்லாம் ஒவ்வொன்றாக அழித்தீர்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை மறைந்தன. என் போன் அடுத்த மழைக்காலத்தில் தண்ணீரில் விழுந்து செத்தது. அதனால்தான் இனி உங்களோடு பேச்சு காகிதத்தில் மட்டும். மையால் எழுதியதை ஒரு தட்டில் அழிக்க முடியாது.

நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள் என்று படித்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கப்போவதில்லை. அன்று ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தேன். பிறந்தநாளா என்று கேட்டார்கள், ஆமாம் என்றேன்.

உதவி வேண்டுமானால் முதலில் ஒன்று செய்யுங்கள். நான் சொன்னதைக் கேட்டபிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். மழுப்பாமல் எழுதினால் மேற்கொண்டு பேசலாம்.

ஈ. ராமுத்தாய்


நல்லேப்பிள்ளி,
10 டிசம்பர் 2024

ராமுத்தாய்க்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிறகு கோபம் வந்தது. திருடன் என்று நேராக எழுதவில்லையே தவிர, வேறு எதை மிச்சம் வைத்தாய்?

நீ போனபிறகு அங்கே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியுமா? ராமுத்தாய் இனி வரமாட்டாள், எஸ்டேட்டில் பேர் பதிந்துவிட்டாள் என்று லோகேஷ்தான் எல்லோரிடமும் சொன்னான். நம் கைடு சாருக்கு ஓய்வுபெற ஆறு மாதம்தான் இருந்தது. ஏதாவது ஒரு கட்டுரை வராவிட்டால் அடுத்த வருஷம் தொலைநோக்கியில் நேரம் கிடைக்காது என்றார். விளைந்து நிற்கும் வயலை விதைத்தவள் வரட்டும் என்று விட்டுவைத்தால் மணி எல்லாம் உதிர்ந்து மண்ணுக்குப் போகும். நான் விவசாயி வீட்டுப் பிள்ளை, அறுத்தேன். உன் பெயரையும் போட்டிருக்கலாம். போட்டிருக்கவேண்டும். யார் இவள், எந்த நிறுவனம் என்று கேட்டால் என்ன சொல்வது? தேயிலைத் தோட்டம் என்று சொல்லவா?

சரி, கேட்டாயே, எழுதுகிறேன். உன் பேச்சை நான் அழிக்கவில்லை, இன்னும் வைத்திருக்கிறேன். நேற்று மறுபடி கேட்டேன். பின்னால் யாரோ ஸ்ட்ரெச்சர் தள்ளும் சத்தம். "அண்ணே, கீழ இருக்கற ஓட்டைதாண்ணே விரியுது. நடுவுல கோடு ரெண்டாப் பிரியுது. நீங்களே பாருங்க" என்கிறாய். பார்த்தேன். கூடு விரிந்தால் அதன் இந்தப் பக்கத்துச் சுவர் நம்மை நோக்கி வரும், அந்தப் பக்கத்துச் சுவர் விலகிப் போகும், அதனால் நடுவிலிருந்து வரும் ரேடியோ அலையை வரைபடமாகப் போட்டால் கோடு இரண்டு மேடாகப் பிரியவேண்டும். படத்தின் கீழே இருந்த ஓட்டையில் ஒரு மேடுதான் இருந்தது. நீ சொன்னால் இருக்கும் என்று நம்பினேன், அதுதான் என் குற்றம். வெட்டும் கோணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கோணத்தில் மட்டும் மேடு லேசாகப் பிளந்த மாதிரி தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டேன். என் கண்ணைவிட உன் வாயை நம்பினேன்.

மழுப்பாமல் எழுதியாயிற்று. இனி உன் முறை.

பூபதிராஜா


சின்னக்கானல்,
17 ஜனவரி 2025

திரு. பூபதிராஜா அவர்களுக்கு,

பொங்கலுக்கு முன்பே உங்கள் கடிதம் வந்துவிட்டது. பண்டிகை நாளில் யாரையும் அழவைக்கக் கூடாது என்று அம்மா சொல்வாள், அதனால் தாமதம்.

எங்கள் ஆட்கள் மூன்று தலைமுறைக்கு முன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலை ஏறியவர்கள். ஊரை விட்டார்கள், பேச்சை விடவில்லை. எங்களுக்குக் கீழ என்றால் சூரியன் உதிக்கிற பக்கம். கீழத்தெரு, மேலத்தெரு, கீழ லயம், மேல லயம். எங்கள் கீழ லயம் உண்மையில் மேட்டில் இருக்கிறது, மூச்சு வாங்க ஏறித்தான் போகவேண்டும். ஆனாலும் அது கீழ லயம்தான், கிழக்கே இருப்பதால். உங்கள் ஊரில் கெழக்கால, மேக்கால என்பீர்கள். கீழே என்றால் உங்களுக்குப் பள்ளம்தான்.

நான் சொன்னது கிழக்கு ஓட்டை, பூபதிராஜா. வானத்துப் படத்தில் கிழக்கு இடது பக்கம் வரும், அது உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆப்பத்தின் இடது விளிம்பில் இருக்கிறதே, அது. நீங்கள் படத்தின் அடியில், தெற்கே போய்த் தேடியிருக்கிறீர்கள். திருடியதுதான் திருடினீர்கள், சரியான பொருளைத் திருடத் தெரியவில்லை.

எந்தக் கீழ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்டிருந்தால் எனக்குத் தெரியாமல் எழுத முடியாது, அதனால் கேட்கவில்லை. மூன்று வருஷம் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தீர்கள், விருந்து வைத்தால் லோகேஷ் முன்னால் பேசிக் காட்டச் சொல்வீர்கள். அதில் ஒரு சொல்லாவது உங்கள் காதுக்குள் போயிருந்தால் இன்று தப்பித்திருப்பீர்கள்.

கட்டுரை வந்த அன்றே எனக்கு இது தெரியும். தலைப்பில் தெற்கு என்று பார்த்ததும் முதலில் குழம்பினேன், அப்புறம் புரிந்து, கொழுந்துக் கூடையோடு தரையில் உட்கார்ந்து சிரித்தேன். சண்டை போட்டபோதும் இந்தத் தப்பைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. என்றைக்காவது ஒருவர் நல்ல தொலைநோக்கியோடு அங்கே வருவார் என்று காத்திருந்தேன். வந்துவிட்டார்கள். நீங்கள் பார்த்த பிளந்த மேடு, கேலக்ஸி தானே சுற்றுவதால் வந்த வேக வித்தியாசம். உங்கள் ஓட்டையில் ஒன்றுமே இல்லை.

என் ஓட்டையில் இருக்கிறது. நாம் அன்று பயன்படுத்திய தொலைநோக்கியின் பழைய பதிவுகள் இப்போது யார் கேட்டாலும் கிடைக்கும். பள்ளிக்கூடம் விட்டபிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். கிழக்குக் கூடு வினாடிக்குச் சுமார் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் விரிகிறது. வயது மூன்று நான்கு கோடி வருஷம். நம் பால்வீதி போன்ற பெரிய கேலக்ஸியில் உள்ளே ஒரு வேகம், வெளியே ஒரு வேகம் என்று சுற்றுவதால் இப்படிப்பட்ட கூட்டை இழுத்துக் கிழித்துவிடும். சின்னதில் அப்படி இழுக்க ஆள் இல்லை. அது பாட்டுக்கு விரிந்துகொண்டே இருக்கும். கட்டுரை முடியும் நிலையில் இருக்கிறது, அதில் உங்கள் தெற்கு ஓட்டைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். உங்கள் நேர்காணலுக்கு முன்பே அனுப்பிவிடுவேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், பழைய பழக்கத்துக்காகக் கேளுங்கள். பத்திரிகைக்கு என்ன விளக்கம் வேண்டுமானாலும் எழுதுங்கள். என் பேச்சால் வந்த குழப்பம் என்று எழுதி என் தலையில் மட்டும் கட்டிவிடாதீர்கள். எஸ்டேட்டுக்காரி பேச்சைக் கேட்டுக் கெட்டேன் என்று நீங்கள் எழுதினால் எல்லோரும் நம்பிவிடுவார்கள். அதை என்னால் தாங்க முடியாது.

ஈ. ராமுத்தாய்


நல்லேப்பிள்ளி,
4 பிப்ரவரி 2025

மரியாதைக்குரிய ராமுத்தாய் அவர்களுக்கு,

நேரில் பேசலாம் என்று வந்தேன். மறையூர் வளைவுகளில் யோகப்பிரியாவுக்கு மூன்று தடவை வாந்தி. அவளைக் காரில் படுக்கவைத்துவிட்டு உங்கள் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். வகுப்பு முடியட்டும் என்று சொல்லி அனுப்பினீர்கள். எல்லா வகுப்பும் முடிந்தது. பிள்ளைகள் போனார்கள், டீச்சர்கள் போனார்கள், கடைசியில் வாட்ச்மேன் வந்து, நீங்கள் பின்வாசல் வழியாகப் போய்விட்டதாகச் சொன்னார். எனக்கு இது வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

லயத்துக்குப் போய் உங்கள் அப்பாவைப் பார்த்தேன். கட்டிலிலிருந்து கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம ராமு சொல்லுமே, அந்த அண்ணந்தானே நீங்க" என்று கேட்டார். நீங்கள் அவரிடம் எதுவும் சொல்லவில்லை என்பது தெரிந்தது. எங்கள் வயல் அரிசி ஒரு மூட்டை கொண்டுவந்தேன், அம்மாவிடம் கொடுத்தேன்.

இப்படிச் செய்வோம். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு புதிய கட்டுரை எழுதுவோம். உங்கள் பெயர் முதலில், என் பெயர் கடைசியில். தெற்கு ஓட்டை தவறு என்று அதற்குள்ளேயே இரண்டு வரியில் சொல்லிவிடலாம், பெரிதாகத் தெரியாது. நான் இந்த நேர்காணலுக்காகப் பத்து வருஷம் காத்திருக்கிறேன். நாற்பது தாண்டினால் அங்கே எடுக்கமாட்டார்கள், எனக்கு இதுதான் கடைசி. யோகப்பிரியாவையும் நினைத்துப் பாருங்கள். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. வெள்ளாமையை நம்பிக் கஷ்டப்படும் வீட்டுப் பெண், கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு இந்த வேலையில் உட்கார்ந்திருக்கிறாள்.

உங்கள் கையில்தான் இருக்கிறது.

பூபதிராஜா


சின்னக்கானல்,
11 பிப்ரவரி 2025

திரு. பூபதிராஜா அவர்களுக்கு,

அரிசி நன்றாக இருந்தது. நன்றி அரிசிக்கு மட்டும்.

சேர்ந்து எழுத மாட்டேன். இரண்டு வரியில் முடிக்க மாட்டேன். அந்தப் பெண்ணைக் காரில் கூட்டிவந்து காட்டினால் கரைந்துவிடுவேன் என்று நினைத்தீர்கள். நான் இங்கே கூடை தூக்கியபோது எனக்கும் வீடு இருந்தது, கஷ்டம் இருந்தது. அப்போது என்னை யார் நினைத்துப் பார்த்தார்கள்? நன்றாக மாட்டிக்கொண்டு முழியுங்கள். நான் வேண்டியது அதைத்தான்.

ஈ. ராமுத்தாய்


நல்லேப்பிள்ளி,
20 மார்ச் 2025

ராமுத்தாய்க்கு,

காலில் விழாத குறையாகக் கேட்டுவிட்டேன். போதும். வெட்கம் கெட்டு வாசலில் நின்றவனைப் பின்வாசல் வழியாகப் போய் அவமானப்படுத்தினாய். நாலு வருஷம் நான் குழியை நோக்கி நடப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் செய்தது தப்பு என்றால் நீ செய்தது அதைவிடப் பெரிய தப்பு.

பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பினேன். போன வாரம் வெளிவந்துவிட்டது. உனக்கு எது தாங்காது என்று சொன்னாயோ அதையே எழுதியிருக்கிறேன். நீயும் படித்து மகிழவேண்டும் என்பதால் தமிழில் தருகிறேன்:

"இந்தக் கேலக்ஸியில் விரியும் வாயுக்கூடு ஒன்று இருப்பதை முதலில் கண்டறிந்தவர் ஈ. ராமுத்தாய். 2020 ஜனவரியில் அவர் எனக்கு அனுப்பிய குரல் பதிவில், கூட்டின் இடத்தைக் குறிக்கத் தமது வட்டாரப் பேச்சில் கிழக்கு என்று பொருள்படும் ஒரு சொல்லைப் பயன்படுத்தினார். அது எனக்குத் தெற்கு என்று பொருள்பட்டதால் தவறான ஓட்டை ஆராயப்பட்டது. பிழைக்குக் காரணம் தகவல் தெரிவிக்கப்பட்ட விதமே."

பழி சரியான விலாசத்துக்குப் போய்ச் சேரவேண்டும் என்று பெயரைக்கூடச் சரியாக எழுதியிருக்கிறேன், இனிஷியலோடு. பத்திரிகைக்காரர்கள் குரல் பதிவையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நேர்மையான குழப்பம் என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். திங்கட்கிழமை நேர்காணல், தலை நிமிர்ந்து போவேன். இனி உலகத்தில் யார் அந்தக் கட்டுரையைப் படித்தாலும், பேசத் தெரியாத ஒருத்தியால் வந்த தப்பு என்றுதான் படிப்பார்கள். தாங்கிக்கொள்.

பூபதிராஜா


சின்னக்கானல்,
11 ஏப்ரல் 2025

பூபதிராஜா அவர்களுக்கு,

திருத்தத்தைப் படித்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் பிரிண்ட் எடுத்து, அப்பாவுக்கு வரிவரியாகச் சொன்னேன். இத்தனை வருஷம் அவரிடம் மறைத்ததையும் சேர்த்துச் சொன்னேன். அவர் உங்கள் அரிசியைக் கோழிக்குப் போடச் சொல்லிவிட்டார்.

என்னிடம் ஒரு ஓட்டை இருந்தது, அதை முதலில் பார்த்தது நான்தான் என்பதற்கு ஆதாரம் இல்லை. போன் போய்விட்டது. நீங்கள் அனுப்பிய பதில்களை நீங்களே அழித்தீர்கள். நான் இப்போது கிழக்குக் கூட்டைப் பற்றி எழுதினால், பூபதிராஜாவின் கட்டுரையைப் படித்துவிட்டுப் பக்கத்து ஓட்டையில் தேடியிருக்கிறாள் என்றுதான் சொல்வார்கள். என் பேச்சு உங்களிடம் ஒருவரிடம்தான் இருந்தது. கெஞ்சிக் கேட்டால் தருவீர்களா? தரமாட்டீர்கள். எனக்கு வலிக்கும் என்று தெரிந்தால் தருவீர்கள். அதனால்தான் அதை மட்டும் செய்யாதீர்கள், தாங்கமாட்டேன் என்று எழுதினேன். பின்வாசல் வழியாகப் போனதும் அதற்காகத்தான், உங்கள் கோபம் ஆறிவிடக் கூடாதே என்று. என்மேல் பழி போடவேண்டுமானால் கண்டுபிடித்தது நான்தான் என்று முதலில் எழுதியாகவேண்டும். எழுதிவிட்டீர்கள், தேதி போட்டு, என் குரலையும் அவர்கள் கையில் கொடுத்து. என் கட்டுரை அடுத்த மாதம் வருகிறது, அதன் முதல் ஆதாரம் உங்கள் திருத்தம்.

நேர்காணலில் நடந்ததை, அங்கே வேலை பார்க்கும் நண்பர்களிடம் கேட்டு லோகேஷ் சொன்னான். கண்டுபிடிப்பு அந்த அம்மாவுடையது, இடம் தப்பானது உங்களுடையது, அப்படியானால் இதில் நீங்கள் செய்தது என்ன என்று கேட்டார்களாம். நீங்கள் தண்ணீர் கேட்டீர்களாம். இதைக் கேட்பதற்காகத்தான் நான் இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கேட்டு முடித்ததும் அவனை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னேன்.

கடிதத்தை இதோடு முடித்திருப்பேன். போன சனிக்கிழமை யோகப்பிரியா வந்தாள், தனியாக, பஸ்ஸில். முகம் வெளுத்துப்போயிருந்தது, அம்மா எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தாள். என்னோடு சேர்ந்து கிழக்குக் கூட்டில் வேலை செய்யலாம், கணக்கெல்லாம் தருகிறேன் என்று நானே ஆரம்பித்தேன். அவள் தம்ளரைக் காலி செய்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏனுங்க்கா, அது தப்புன்னு உங்களுக்கு நாலு வருசமாத் தெரியுமாமுங்க. ஒண்ணுமில்லாத ஓட்டைக்கு நான் ரெண்டு வருசம் வயசு போட்டுட்டு இருந்தனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?" என்று கேட்டாள்.

அவளை எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. ஏனென்றால் தெரியும். போன வருஷம் ஒரு மாநாட்டுப் பட்டியலில் அவள் பெயரும் தெற்கு ஓட்டையும் சேர்ந்து வந்திருந்தன. பார்த்துவிட்டு, நல்லது, விழும்போது இன்னும் பலமாக விழுவார் என்று உங்களைத்தான் நினைத்தேன். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கும் என்று நினைக்கவில்லை. உங்களுக்குச் சொல்ல நான் வருஷக்கணக்காகப் பதில் சேர்த்து வைத்திருந்தேன். அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "உங்க ரெண்டு பேரோட ஓட்டையும் எனக்கு வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்கே போய்விட்டாள். ஆராய்ச்சியை விட்டுவிடப் போகிறாள் என்று நினைக்கிறேன். உங்களிடமும் சொல்லியிருப்பாள்.

உங்கள்மேல் இருந்த கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், அப்படியே இருக்கிறது. இதுவரை முழுவதும் உங்களுக்கே என்று வைத்திருந்தேன். இப்போது அதில் பாதி என்னிடம் வருகிறது.

ஈ. ராமுத்தாய்